பிராண்டட் செட்டா, தானே சேர்க்கும் கணினியா? கோட்டையூர் வாசகிக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோட்டையூரில் பூர்வீக வீட்டில் மாமியாருடனும் மகனுடனும் வசிக்கும் பள்ளி ஆசிரியை. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் காரைக்குடியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருகிறார். வகுப்புக்கு எடுத்துப் போக ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. முப்பரிமாண வரைவு மென்பொருள்கள் அதில் ஓட மறுக்கின்றன. மேசைக் கணினிக்கென 75,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள். “உதிரிகளை வாங்கி நானே சேர்த்துக்கொள்கிறேன் என்கிறான் மகன், பிராண்டட் செட்டாக வாங்கிவிடு, பழுதென்றால் கம்பெனி ஆள் வீடு தேடி வருவார் என்கிறார் அவன் அப்பா, யார் சொல்வதைக் கேட்பது?” என்பது உங்கள் கேள்வி. சில உதிரிகளைச் சிங்கப்பூரிலிருந்தே வாங்கி வரலாமா என்றும், தெரிந்தவர் ஒருவர் 16,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லும் பழைய அலுவலகக் கணினி போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு, தம்பி, அதாவது உங்கள் மகன், சொல்கிறபடி உதிரிகளை வாங்கிச் சேர்ப்பதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் உதிரிகள் எல்லாவற்றையும் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் அந்த அறையின் மின் இணைப்பைச் சரிபார்த்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் வழியில்லை என்றால் உங்கள் கணவர் சொல்வதே சரி.

இந்த முடிவை விலையை வைத்து எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அசெம்பிள் செய்தால் மலிவு என்ற பேச்சு ஒரு காலத்தில் முழுக்க உண்மையாக இருந்தது. இப்போது அது அந்தந்த மாதச் சந்தையைப் பொறுத்தது. 2021 வாக்கில் கணினி கொண்டு கிரிப்டோ நாணயம் உருவாக்குபவர்களின் தேவையும் சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்து, திரைக்காட்சியை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் விலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியபோது, அதே கார்டு உள்ளே இருக்கும் தயார் செட்டை வாங்குவதே லாபமாக இருந்தது. 2025 இன் இறுதி மாதங்களிலிருந்து கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் விலையில் அதே கதை நடந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக்கொள்வதால் சில்லறைச் சந்தைக்கு வரும் சரக்கு குறைந்து விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த தொழிலிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மொத்தமாக ஒப்பந்தம் போட்டு வாங்கும் பெரிய நிறுவனங்களின் செட்டுகளில் இத்தகைய ஏற்றம் சற்றுத் தாமதமாகவே தெரியும். விண்டோஸ் உரிமமும் பெரும்பாலான செட்டுகளின் விலைக்குள் அடங்கிவிடுகிறது; நாமே சேர்க்கும்போது அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஆகவே தம்பி சேர்க்கும் கணினி சில ஆயிரம் கூடுதலாக ஆனாலும் வியப்பில்லை. அப்படியிருந்தும் அதையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், வாங்கிய நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் என்ன நடக்கும் என்பதுதான்.

உங்கள் கணவரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. வாரண்டிக் காலத்துக்குள் எது பழுதானாலும் ஒரே தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்தால் போதும் என்பது, வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டைப் பற்றிக் கவலைப்படும் ஒருவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் வீட்டு உபயோகச் செட்டுகளுக்குப் பெரும்பாலும் ஓராண்டு வாரண்டிதான். அலுவலக வகைச் செட்டுகளுக்கு மூன்றாண்டு கிடைக்கும், அல்லது கூடுதல் பணம் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம். நம் பக்கத்து ஊர்களுக்குத் தொழில்நுட்பர் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வர வேண்டியிருப்பதால், இன்று புகார் கொடுத்தால் நாளை வந்துவிடுவார் என்று எண்ண வேண்டாம். அந்தக் காலம் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது.

தேவகோட்டையில் ஒரு கணக்கர் அலுவலகத்திலிருந்து நாலு வயதுப் பிராண்டட் செட் ஒன்று என்னிடம் வந்தது. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். எரிந்திருந்தது, மற்றதெல்லாம் நன்றாக இருந்தது. கடையில் கிடைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா உதிரிகளும் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டுக்குச் செல்லும் இணைப்பான் 24 முனை கொண்டது. அந்தச் செட்டின் போர்டிலோ அந்த நிறுவனத்துக்கே உரிய வேறொரு சிறிய இணைப்பான் இருந்தது. பெட்டியின் வடிவமும் வேறு என்பதால் பொதுவான எஸ்.எம்.பி.எஸ். உள்ளேயும் உட்காராது. அதே மாடலுக்குரிய பழைய உதிரி ஒன்றைச் சென்னையில் தேடிப் பிடித்து வரவழைக்கும் வரை, கணக்கு முடிக்கும் பருவத்தில் அவர்கள் வேறு கணினிக்கு அலைய நேர்ந்தது. இன்டெல் 1995 இல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் பொது அளவு சிற்சில மாற்றங்களுடன் இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த அளவுக்குள் அடங்கும் உதிரிகளால் சேர்த்த கணினி என்றால், காரைக்குடியில் காலையில் போய் வாங்கி மதியத்துக்குள் மாட்டியிருக்கலாம்.

எல்லாப் பிராண்டட் செட்டுகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். விளையாட்டுக்கென விற்கப்படும் பெரிய செட்டுகள் சிலவற்றில் பொது அளவு உதிரிகளே இருக்கின்றன. ஆனால் உங்கள் தொகைக்குள் வரும் மெலிந்த பெட்டிகளில் 180 வாட், 260 வாட் போன்ற சிறிய எஸ்.எம்.பி.எஸ். இருப்பதே வழக்கம். மதர்போர்டின் செருகிடத்திலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட்தான். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும், அந்தப் பெட்டிகளில் அது இருப்பதில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தம்பிக்கு நல்ல கார்டு தேவைப்பட்டால், முழுக் கணினியையும் மாற்ற வேண்டிய நிலை வரும்.

தம்பி விடுதியில் தங்கிப் படிப்பவராக இருந்து, வீட்டில் நீங்களும் மாமியாரும் மட்டுமே இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். வினாத்தாள் தட்டச்சு, மதிப்பெண் பட்டியல், வீடியோ அழைப்பு ஆகியவற்றுக்கு, மூன்றாண்டு வீட்டுச் சேவை வாரண்டியுள்ள ஒரு சிறிய பிராண்டட் செட்டை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். கணினியைத் திறந்து பார்க்கும் ஆர்வமும் நேரமும் உள்ளவர் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான் இங்கே தராசைச் சாய்க்கிறது.

சிங்கப்பூரிலிருந்து உதிரி கொண்டுவருவதைப் பற்றி: அங்குள்ள சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுப் பொருள் வணிக வளாகத்தில் கிடைக்கும் தேர்வு இங்கே கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றின் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் உங்கள் கணவரின் அடுத்த விடுமுறை வரை காத்திருந்து, கையில் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். சுங்க விதியையும் பார்க்க வேண்டும். அவர் ஆசைப்பட்டால் ஒரு நல்ல விசைப்பலகையோ மவுஸோ வாங்கி வரட்டும். பெட்டிக்குள் போகும் எதுவும் வேண்டாம்.

பழைய அலுவலகக் கணினியில் மூளை போல இயங்கும் பிராசசர் எந்தத் தலைமுறை என்று விற்பவரிடம் கேளுங்கள். 16,000 ரூபாய் விலையில் வருபவற்றில் பல, இன்டெல்லின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர் கொண்டவை. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். லினக்ஸ் போட்டு உங்கள் பள்ளி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தம்பி பயன்படுத்தும் இயந்திர வரைவு மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்பட்டவை என்பதால் அவருக்கு அது உதவாது.

இனி மின் இணைப்பு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து பழுதாகி வரும் கணினிகளில் நான் பார்க்கும் சேதத்துக்குப் பெரும்பாலும் இதுவே மூலமாக இருக்கிறது. கணினியை வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் உள்ள அறையில் வைக்கப்போவதாகவும், வயரிங் மாமனார் காலத்தில் செய்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் மரப்பட்டியின் மேல் ஓட்டிய வயரிங்கில் பல வீடுகளில் பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள் மட்டுமே உண்டு. பிற்பாடு யாராவது மூன்று துளைப் பிளக் பாயின்ட்டை மாட்டியிருப்பார்கள். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இணைத்த கணினியின் பெட்டியைப் புறங்கையால் தொட்டால் மெல்லிய அதிர்வு போலச் சுரீரென்று உணரலாம். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். இதற்குக் காரணம் பழுதல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு ஒவ்வொரு சிறிய மின்தேக்கி இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அதன் வழியே வரும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் பெட்டி ஏறத்தாழ பாதி அழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அளவில், மிதந்துகொண்டிருக்கும். அந்த மின்சாரம் மிகச் சிறிது என்பதால் ஆளை அடித்துவிடாது. ஆனால் மானிட்டர் வயரையோ பிரிண்டர் வயரையோ செருகும் நொடியில் அது போர்டின் வழியே பாய்ந்து, வயர் செருகும் இடங்களைக் கெடுக்கலாம். உள்ளே உண்மையாகவே ஒரு கசிவு ஏற்பட்டாலோ, பெட்டி முழு மின்சாரத்தில் நிற்கும். வீட்டில் மூத்தவர் இருக்கும்போது இதை அலட்சியமாக விடக்கூடாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் நல்ல எலக்ட்ரீசியனை வரவழையுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் வரும் அளவு, பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வரும் அளவோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எர்த் குழியே இல்லையென்றால் புதிதாகத் தோண்டி, அங்கிருந்து அறைக்குத் தனிக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். நம் பகுதியின் செம்புராங்கல் மண் கோடையில் வறண்டு இறுகிவிடும், அப்போது எர்த்தின் திறன் குறையும். சித்திரை, வைகாசியில் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வர வேண்டும். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் கையோடு போட்டுவிடுங்கள். வேலையைச் சுருக்கமாக முடிப்பதற்காக நியூட்ரலையே எர்த் துளையில் இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எங்கோ ஓரிடத்தில் நியூட்ரல் விட்டுப்போனால் பெட்டிக்கே நேராகப் பேஸ் வந்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது சைன் வேவ் வகையா, ஸ்கொயர் வேவ் வகையா என்று பாருங்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஸ்கொயர் வேவ் போதும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் சில அதில் ஓட மறுத்து அணைந்துவிடும். மின்சாரம் போகும்போது எஸ்.எம்.பி.எஸ். தன் கையிருப்பில் தாங்குவது சுமார் 16 மில்லி நொடி மட்டுமே. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்ற நிலை இருந்தால், மாறும் நேரம் அதற்குள் அடங்க, அந்த நிலையில் வைக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்குங்கள். அது சுமார் 360 வாட் வரை தாங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கும் மானிட்டருக்கும் தாராளம்.

இந்த வேலைகளின் செலவையும் 75,000 ரூபாய்க்குள்ளேயே கணக்கிடுங்கள். எர்த், யுபிஎஸ், மானிட்டர், விண்டோஸ் எல்லாம் போக மிஞ்சும் தொகையில் நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு இடமிருக்காது. அதைப் பற்றித் தம்பி வருத்தப்பட வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவர் செய்யும் மாடலிங் வேலை, பிராசசரின் ஒற்றைக் கோர், அதாவது அதிலுள்ள ஒரு தனிக் கணக்கீட்டு அலகின், வேகத்தைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. இன்றைய நடுத்தரப் பிராசசரோடு வரும் உள்ளமைந்த கிராபிக்ஸ் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் கடையில் ஓரிரு ஆயிரம் குறைகிறது என்று சொல்லி, பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்துள்ள இன்டெல் பிராசசரைக் கொடுத்துவிடுவார்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர் என்றால், ஏஎம்5 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) உள்ள போர்டை எடுக்கலாம். 2022 இல் வந்த அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையிலாவது ஆதரவு தொடரும் என்று அந்நிறுவனம் சொல்லியிருப்பதால், பின்னாளில் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் உயர்த்த வழியிருக்கிறது.

ராம் விலை உயர்ந்திருக்கும் நேரத்தில் 32 ஜிபி கேட்க மாட்டேன். ஒரே பட்டையாக 16 ஜிபி வாங்கி, மற்றொரு இடத்தைக் காலியாக விடுங்கள். இரண்டு 8 ஜிபி பட்டைகளாகப் போட்டால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இன்னும் வேகமாக ஓடும் என்பதைத் தம்பி சுட்டிக்காட்டுவார், அவர் சொல்வது சரியே. இருந்தாலும் இரண்டிடம் மட்டுமே உள்ள போர்டில், 32 க்குப் போகும் நாளில் இரண்டையும் கழற்றி ஒதுக்க வேண்டிவரும். விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொரு பட்டை சேர்ப்பதே சிக்கனம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். பெட்டியோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்காதீர்கள்; பெயருள்ள நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட், ஐந்தாண்டு வாரண்டி உள்ளதாகக் கேளுங்கள். 80 பிளஸ் என்ற முத்திரை, மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று மட்டுமே. உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளுக்கு அது சான்றல்ல. வாரண்டி எத்தனை ஆண்டு என்பது அதைவிட நம்பகமான அடையாளம். வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே கொடுங்கள்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, இணையத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விற்பனையாளரிடம் வாங்கினால் மொத்தத்தில் சற்று மிச்சமாகலாம். சென்னை ரிச்சி தெருவில் இன்னும் குறையலாம். அப்படியிருந்தும் காரைக்குடியிலேயே உங்களுக்கு நம்பிக்கையான ஒரு கடையில் வாங்கச் சொல்கிறேன். கணினி ஆன் ஆகவில்லை என்றால் தவறு போர்டிலா, ராமிலா, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலா என்று பிரித்தறிய மாற்று உதிரிகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்; அது கடையில்தான் இருக்கும். உங்கள் கணவர் தேடும் ‘ஒரே ஆள் பொறுப்பு’ என்பதும் இதனால் பெருமளவு கிடைத்துவிடும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு உதிரியின் சீரியல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அட்டைப் பெட்டிகளை எறியாதீர்கள். பிராசசருக்கும் போர்டுக்கும் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி உண்டு; கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு வகையைப் பொறுத்து மூன்றோ ஐந்தோ கிடைக்கும். அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்பிப் பெறும் பொறுப்பைக் கடைக்காரர் ஏற்கிறாரா என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்கும் வேலையைத் தம்பியே செய்யட்டும், ஆனால் கடையின் மேசையில், அவர்கள் கண் முன்னே செய்யட்டும். பெரும்பாலான கடைக்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. பெட்டியின் தகட்டில், போர்டில் துளையில்லாத இடத்துக்கு நேராகப் பித்தளைத் தாங்கி ஏதும் மிஞ்சி நிற்கக்கூடாது. நின்றால் போர்டின் அடியில் உரசி ஷார்ட் ஆகும். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தாளை உரிக்க மறந்துவிடுவார்கள். பெரிய 24 முனை வயரைச் செருகிவிட்டு, போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென உள்ள 8 முனை வயரை விட்டுவிடுவார்கள். அப்போது விசிறி சுற்றும், திரை வராது. எல்லாம் முடிந்ததும் பின்புறத்தில் கார்டுக்கான திறப்புகள் அனைத்தையும் தகடு போட்டு மூடிவிட வேண்டும். பல்லி நுழைந்து கருகிய போர்டுகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். வீட்டில் முற்றத்துத் தூசியும் சாரலும் படாத மூலையில், தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள்.

டிடிஆர்5 என்ற வகை ராம் உள்ள கணினி முதன்முதலாக ஆன் ஆகும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் வரை திரையில் எதுவும் காட்டாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டாம் என்று தம்பியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேறெதையும் நிறுவும் முன், மெம்டெஸ்ட்86 என்ற இலவச மென்பொருளை பென் டிரைவிலிருந்து இயக்கி ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்க வேண்டும். சிவப்பில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், மறுநாள் காலையிலேயே பில்லோடு கடைக்குப் போய் அந்தப் பட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.